மூன்றடுக்கு பீர் தாங்கி: பாரமும் சூடும்

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான தாங்கியில் வெந்நீர்ப் பாத்திரம் மேலேயும், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறும் பாத்திரம் நடுவிலும், கொதிகலன் கீழேயும் அமைந்தால், பம்ப் இல்லாமலேயே நீர் தானாக இறங்கிவிடும். ஆனால் 40 லிட்டர் நீரே 40 கிலோ எடை என்பதால், மேல்தட்டின் பாரத்தைத் திருகாணிகள் மட்டும் தாங்காமல், தட்டு நேரடியாகக் கால்களின் மேல் அமர்வது அவசியம். பாத்திரத்தை மேலே வைத்துவிட்டுக் குளிர்ந்த நீரைக் குழாய் வழியாக நிரப்பி, பிறகே சூடாக்குங்கள். கொதிநீரைத் தூக்கவே கூடாது. மால்ட் 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஊறினால் போதும்; நல்ல வெப்பக்காப்பு உறை இருந்தால், நடு அடுக்கிற்குத் தனி அடுப்பு தேவைப்படாது. அடுப்பருகே துத்தநாகம் பூசிய இரும்பு வேண்டாம், கடுஞ்சூட்டில் அதிலிருந்து எழும் புகை நச்சு. கேஸ் அடுப்பைத் திறந்தவெளியில் மட்டுமே பற்றவையுங்கள். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.