கார் பாலிஷர் வாங்கும் முன்: மெஷின், பிளேட், பேட் மூன்றையும் பொருத்துவது எப்படி?

தினமும் காலையில் காய்ந்த துணியால் காரைத் துடைப்பது நம் ஊர்ப் பழக்கம். பெயிண்டைக் கெடுப்பதும் அந்தத் துணிதான். அதில் ஒட்டியிருக்கும் தூசி ஒவ்வொரு துடைப்பிலும் மெல்லிய கீறல் போடுகிறது. வெயில் பொனட்டில் படும்போது சிலந்தி வலை மாதிரி வட்டமாகத் தெரிவது அந்தக் கீறல்களின் கூட்டம். டீட்டெய்லிங் கடைகளில் இதை ஸ்வெர்ல் மார்க் என்பார்கள். வீட்டிலேயே எடுத்துவிடலாம், பாலிஷ் போடும் மெஷினும் அதன் முனையில் ஒட்டும் மெத்து வட்டான பேடும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்.

முதன்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் பணம் முழுவதையும் மெஷினில் போட்டுவிட்டு, பெட்டியில் கூட வந்த இரண்டு பேடை வைத்தே முழுக் காரையும் தேய்க்கப் பார்க்கிறார்கள். பெயிண்டைத் தொடுவது பேட். மெஷின் அதைச் சுழற்றுவதோடு சரி. கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பேடுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு மீதியில் மெஷினைப் பாருங்கள்.

1. முதலில் உங்கள் பெயிண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கிறது. தடிமன் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் போடுவது என்றால் இந்த அடுக்கைச் சில மைக்ரான் அளவுக்குச் சீவி, கீறலின் அடிமட்டம் வரை சமப்படுத்துவது. சீவியது திரும்பி வராது. அதனால்தான் இந்த வேலையில் எல்லா முடிவும் ‘எவ்வளவு குறைவாகச் சீவினால் போதும்?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

காரைக் கழுவி, களிமண் கட்டி போன்ற கிளே பாரால் ஒட்டிய அழுக்கை எடுத்துவிட்டு, இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது. அதைத் துரத்தினால் கிளியர் கோட்தான் தீரும். போர்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட கார்களில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை இருக்கும். மேலோட்டமானது வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தாலே போய்விடும். பெயிண்டுக்குள் பள்ளமாக இறங்கியதற்குத்தான் பாலிஷ் வேண்டும்.

முடிந்தால் பெயிண்ட் தடிமன் பார்க்கும் கேஜ் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். கம்பெனி பெயிண்ட் மொத்தமாகப் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் காட்டும். 200க்கு மேல் போனால் அந்த இடம் டிங்கரிங் ஆகி மறுபடி பெயிண்ட் ஆகியிருக்கலாம். 80க்குக் கீழே வந்தால் அங்கே காம்பவுண்ட், அதாவது அதிகம் சீவும் கரடான பாலிஷ், போடாதீர்கள். சாதாரண கேஜ் உலோகத்தில் மட்டுமே வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் காட்டாது.

2. மெஷின்: ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா?

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், அதாவது பெயிண்டைச் சீவும்; வேகமாகச் சூடாகும். ஒரே இடத்தில் இரண்டு விநாடி கூடுதலாக நின்றாலும் ஓரங்களில் பெயிண்டை எரித்துவிடும். நன்றாகப் பழகாதவர் கையில், வெயிலில் பார்த்தால் அலை அலையாக ஹாலோகிராம் விழும். பெயிண்ட் கடைகளில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பல வருடக் கைப்பழக்கம் இருக்கிறது.

டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். பேடின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாததால் சூடு பரவிவிடும், ஹாலோகிராம் அநேகமாக விழாது. அழுத்தம் கூடினால் சுற்றுவது தானாக நின்று வெறுமனே அதிரும். புதியவருக்கு அந்தக் குணமே பாதுகாப்பு. முதல் மெஷின் டிஏவாகத்தான் இருக்க வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஃபோர்ஸ்டு ரொட்டேஷன் என்று மூன்றாவது வகை உண்டு. பல் சக்கரம் வைத்துச் சுழற்றுவதால் அழுத்தினாலும் நிற்காது. நல்ல மெஷின்தான், ஆனால் கையை இழுக்கும். இரண்டாவது மெஷினாக வாங்கலாம்.

செய்யவே கூடாதது ஒன்று: இரும்பு வெட்ட வைத்திருக்கும் 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு பேடை மாட்டுவது. அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். ரோட்டரி பாலிஷரோ 600 முதல் 3,000க்குள் ஓடுவது. கிரைண்டர் வைத்த இடத்தில் பெயிண்ட் சில விநாடிகளில் கருகும், பேடும் பிய்ந்து பறக்கும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவதாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட். நம் 230 வோல்ட் பிளக்கில் செருகியதும் மோட்டார் போய்விடும்.

3. த்ரோவும் பேக்கிங் பிளேட்டும்

பேக்கிங் பிளேட் என்பது மெஷின் முனையில் மாட்டும் கெட்டியான தட்டு; பேட் இதில்தான் வெல்க்ரோவால் ஒட்டும். தவறான ஜோடி வாங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

டிஏ ஆடும் அளவை த்ரோ என்பார்கள். 8 மில்லிமீட்டர், 12, 15, 21 என்று வரும். த்ரோ கூடினால் ஒரு சுற்றில் பேட் கூடுதல் தூரம் நகரும்; வேலை சீக்கிரம் முடியும், தட்டையான பொனட்டிலும் கூரையிலும் அருமையாக ஓடும். ஆனால் வளைவான இடத்தில் பேடின் ஒரு ஓரம் மட்டும் அழுந்தி, சுற்றுவது நின்றுபோகும். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரிச் சின்னக் கார்களில் கதவு முழுக்க மடிப்பும் வளைவும்தான். அவற்றுக்கு 21 மில்லிமீட்டர் மெஷின் வாங்கினால் பாதி நேரம் பேட் நிற்கும், உங்களுக்குக் கைதான் வலிக்கும்.

பொதுவான பொருத்தம் இது: 8 மில்லிமீட்டருக்கும் 15 மில்லிமீட்டருக்கும் 5 இன்ச் பிளேட், 21க்கு 6 இன்ச் பிளேட், தூண்களுக்கும் கண்ணாடிக் கூடுகளுக்கும் தனியாக 3 இன்ச் மினி மெஷின். வீட்டுக் கார் ஒன்றுதான் என்றால் 15 மில்லிமீட்டர், 5 இன்ச் போதும். பணம் இடித்தால் 8 மில்லிமீட்டர் எடுங்கள். மெதுவாக வெட்டும், அவ்வளவுதான். முடிவு மோசமாக இருக்காது.

‘21 மில்லிமீட்டர் மெஷினில் 5 இன்ச் பிளேட் மாட்டிக்கொள்ளலாமே’ என்று தோன்றும். மெஷினுக்குள் ஓர் எதிர் எடை இருக்கிறது. குறிப்பிட்ட அளவு பிளேட், குறிப்பிட்ட எடை பேடுக்கு ஏற்பத்தான் அதை அமைத்திருப்பார்கள். பிளேட்டைச் சிறிதாக்கினால் சமநிலை கெட்டு, மெஷின் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும், பேரிங்கும் சீக்கிரம் போகும். மிகவும் கனமான பேட் மாட்டினாலும் இதே கதைதான்.

பிளேட்டைத் தனியாக வாங்கும்போது மரையைச் சரிபாருங்கள். ரோட்டரிகளில் பெரும்பாலும் எம்14 மரை. டிஏக்களில் சிலவற்றுக்கு எம்8, சிலவற்றுக்கு அமெரிக்க அளவான 5/16 இன்ச். எம்8ம் 5/16ம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இரண்டு சுற்று உள்ளே போனபின் இறுகினால் பலவந்தப்படுத்தாதீர்கள், மரை அழிந்துவிடும்.

4. பேட்

அளவு: பேட் பிளேட்டைவிட அரை இன்ச்சாவது பெரிதாக இருக்க வேண்டும். 5 இன்ச் பிளேட்டுக்கு 5.5 இன்ச் பேட். பேடும் பிளேட்டும் ஒரே அளவு என்றால் பிளேட்டின் கெட்டியான ஓரம் கதவு மடிப்பில் இடித்து ஆழமாகக் கீறும். மறுபக்கம், பேட் ஒரு இன்ச்சுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் ஓரம் தொங்கிக் கிழியும்.

தடிமன்: நீள த்ரோ மெஷினுக்கு ஒரு இன்ச் அல்லது அதற்கும் மெல்லிய பேட் வாங்குங்கள். தடித்த ஃபோம் மெஷினின் ஆட்டத்தைத் தானே விழுங்கிவிடும். மேலே பிளேட் ஆடும், கீழே பேட் சும்மா இருக்கும். நடுவில் துளை உள்ள பேட் நல்லது, சூடு அதிகம் சேரும் இடம் நடுப்பகுதிதான்.

பொருள்: வூல் பேட் அதிகம் வெட்டும், சூடு குறைவு, நார் பறக்கும், பின்னால் மங்கலைத் தரும். மைக்ரோஃபைபர் பேட் டிஏவில் நன்றாக வெட்டும், ஆனால் மென்மையான கருப்புப் பெயிண்டில் தன் தடத்தை விட்டுப்போகும். ஃபோம் எல்லா வேலைக்கும் ஆகும், கெட்டியிலிருந்து மெத்து வரை பல தரத்தில் கிடைக்கும். ஆரம்பத்துக்கு ஃபோமில் இரண்டு தரம் போதும்: கீறலைச் சீவ நடுத்தரக் கட்டிங் ஒன்று, கடைசியில் பளபளப்பு ஏற்ற ஃபினிஷிங் ஒன்று.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ரூப்பஸ் கம்பெனியில் மஞ்சள் என்றால் நயமான ஃபினிஷ் பேட். லேக் கன்ட்ரியின் வழக்கமான வரிசையில் மஞ்சள்தான் கடுமையான கட்டிங் பேட். யாரோ ‘மஞ்சள் போடு’ என்றதைக் கேட்டு வேறு கம்பெனி மஞ்சளை மாட்டியவர்களின் பொனட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பொட்டலத்தில் கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

எத்தனை? ஹேட்ச்பேக் ஒன்றுக்குக் கட்டிங் நான்கு, ஃபினிஷிங் இரண்டு, 3 இன்ச்சில் தரத்துக்கு இரண்டு. ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்கப் பார்த்தால் சீவிய பெயிண்டும் காம்பவுண்டும் சேர்ந்து பேட் நிறைந்துவிடும், ஃபோம் சூட்டில் இளகி வெல்க்ரோவிலிருந்து கழன்று வரும். ‘பேட் மட்டம்’ என்று திட்டுவார்கள். பாதி நேரம் பேடில் குற்றமே இருக்காது.

5. சோதனைக் கட்டம்

பொனட்டில் 50 × 50 செ.மீ. இடத்தை டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். மிகவும் மென்மையான ஜோடியில் தொடங்குங்கள்: ஃபினிஷிங் பேட், நயமான பாலிஷ். கீறல் போகவில்லையா, பாலிஷ் அதுவே இருக்க, பேடை மட்டும் கட்டிங்குக்கு மாற்றுங்கள். அப்போதும் போகாவிட்டால்தான் காம்பவுண்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். காருக்குக் கார் பெயிண்டின் கடினம் மாறும், ஆகவே நண்பர் காரில் வேலை செய்த ஜோடி உங்கள் காரில் அப்படியே பொருந்த வேண்டியதில்லை.

புதுப் பேடில் முதல்முறை பாலிஷைக் கையால் பேடின் மேற்பரப்பு முழுக்கத் தடவுங்கள். அடுத்தடுத்து பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு போதும். மெஷினைப் பெயிண்டில் வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு போட்டால் சுவரெல்லாம் பாலிஷ். வேகம் 1 அல்லது 2இல் பரப்பி, பிறகு 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். விநாடிக்கு 2, 3 செ.மீ. நகர்த்தினால் போதும். முந்தைய தடத்தின் மேல் பாதி ஏறுகிற மாதிரி, நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை என்று நான்கு முதல் ஆறு தடவை.

பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்தம் சரி. அதே இடத்தில் அதிர்ந்தால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒருமுறை துடைத்துப் பாருங்கள். மலிவான காம்பவுண்டுகளில் எண்ணெயும் மெழுகும் கீறலை மூடி வைத்திருக்கும். ஆல்கஹால் அதை எடுத்துவிட்டு உண்மையைக் காட்டும். இதைத் தவிர்த்தவர்களுக்கு நான்கு கழுவலில் கீறல் ‘திரும்பி வரும்’.

6. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க

புழுதி மாதிரி வெள்ளைப் பொடி பறக்கிறது: பாலிஷ் காய்ந்துவிட்டது. வெயிலில் நிற்கும் காரில் செய்கிறீர்கள், அல்லது பேட் நிறைந்துவிட்டது. மே மாத மதியத்தில் பொனட்டில் கை வைக்க முடியாது. நிழலில், காலை 9 மணிக்கு முன் முடியுங்கள்.

பெயிண்டில் மங்கல்: கட்டிங் பேட் விட்ட தடம். ஃபினிஷிங் பேட், நயமான பாலிஷோடு இன்னொரு சுற்று தேவை. சில காம்பவுண்டுகளின் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நயமாகும். அவற்றைப் பாதியில் நிறுத்தினாலும் இந்த மங்கல் வரும்.

பேடில் காரின் நிறம் ஏறுகிறது: பழைய அம்பாசடர், பத்மினி மாதிரி கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்டில் இது இயல்பு. மெட்டாலிக் காரில் வந்தால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. அந்த நொடியே நிறுத்துங்கள், அதற்கு மேல் பெயிண்டர் வேலை.

ஓரங்கள், கதவு மடிப்பின் முனைகளில் பெயிண்ட் மெலிதாகவே இருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அதனால் உலோகத்தைவிட வேகமாகச் சூடாகும். வேகத்தை ஒரு எண் குறையுங்கள்.

7. பேடைக் காப்பது

ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பேடை நைலான் பிரஷால் தேயுங்கள், அல்லது கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். இரண்டு, மூன்று பேனலுக்கு ஒருமுறை பேடை மாற்றுங்கள். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு தண்ணீரில் போடாதீர்கள், ஆறட்டும். பிறகு மிதமான சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் பசை விட்டுவிடும். ஃபோம் பக்கம் கீழே இருக்க நிழலில் காயவையுங்கள். அப்போது தண்ணீர் வெல்க்ரோ பசையில் தங்காது. காய்ந்ததும் ஜிப் கவரில் போட்டு, எந்த பாலிஷுக்குப் பயன்படுத்தியது என்று கவர் மேல் எழுதுங்கள். காம்பவுண்ட் போட்ட பேட் எவ்வளவு கழுவினாலும் ஃபினிஷிங்குக்குத் திரும்பக் கூடாது, உள்ளே தங்கிய ஒரு துகள் போதும் புதுக் கீறல் போட.