வகுப்பறைக்குள் நுழைந்ததும் கதவைப் பாருங்கள்

கல்லூரி ஆய்வகத்தில் வகுப்பெடுக்க வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான்காவது வருடத்தில் ஒரு பிற்பகல், அறையில் இருந்த எல்லா மொபைலும் ஒரே நேரத்தில் அலறின. வளாகத்துக்குள் துப்பாக்கியோடு யாரோ நுழைந்திருக்கிறார், இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று செய்தி. என்னோடு பதினான்கு மாணவர்கள். கதவைப் பூட்ட ஓடினேன். உள்பக்கம் பூட்டே இல்லை. போதாததற்கு அது வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு, மேசையை நகர்த்தி வைத்தாலும் பயனில்லை. நான்கு வருடமாக ஒரு நாளைக்குப் பத்து முறை அதே கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், இது கண்ணில் பட்டதே இல்லை.

கடைசியில் அது தவறான தகவல். ஆனால் அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளிருந்து பூட்ட முடியுமா, கண்ணாடி வைத்திருக்கிறார்களா, வேறு வழி உண்டா, ஜன்னல் முழுதாகத் திறக்குமா. அரை நிமிட வேலை.

கதவைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இந்த ஆபத்து நீண்ட நேரம் நீடிப்பது குறைவு. 2000 முதல் 2013 வரை அமெரிக்காவில், ஆட்கள் கூடும் இடங்களில் துப்பாக்கியோடு புகுந்து சுட்ட சம்பவங்களை அந்நாட்டின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆராய்ந்தது. எவ்வளவு நேரம் நடந்தது என்று கணக்கிட முடிந்த 63 சம்பவங்களில் 44, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. அந்தச் சில நிமிடங்களுக்குக் கதவு தாங்கினால் போதும். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் நாரிஸ் ஹாலில், 205ஆம் அறை மாணவர்கள் ஒரு மேசையைக் கதவில் சாய்த்து, தரையில் படுத்துக் கையாலும் காலாலும் முட்டுக்கொடுத்தார்கள். துப்பாக்கியோடு வந்தவன் தள்ளிப் பார்த்தான், கதவு வழியாகச் சுட்டும் பார்த்தான். உள்ளே நுழைய முடியவில்லை, அந்த அறையில் ஒருவருக்கும் குண்டு படவில்லை. பக்கத்து 204இல் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவைப் பிடித்து நிற்க, மாணவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அவருக்கு வயது 76. அவர் பிழைக்கவில்லை.

அந்த நாளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. விடுதியில் முதல் சூடு நடந்தது காலை ஏழேகால் வாக்கில். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26க்கு. அதனால் செய்தி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு சத்தம் கேட்டு, பட்டாசோ, கட்டட வேலையோ, துப்பாக்கியோ என்று சந்தேகம் வந்தாலே எழுந்துவிடுங்கள். தப்பாகிப் போனால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான்.

சரி, எழுந்து என்ன செய்வது? ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரிந்து, எதிர்ப்பக்கம் வழி இருந்தால் வெளியேறுங்கள். பை, லேப்டாப் எல்லாம் கிடக்கட்டும். லிஃப்ட் வேண்டாம். கூட இருப்பவர் வர மறுத்தால் ஒரு முறை கூப்பிடுங்கள், நின்று வாதாடாதீர்கள். எங்கே என்று தெரியவில்லை, அல்லது சத்தம் நடைபாதையிலேயே கேட்கிறது என்றால் உள்ளேயே அடைத்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கம் திறக்கும் கதவென்றால் கனமானதை எல்லாம் அணைகட்டுங்கள். வெளிப்பக்கம் திறப்பதென்றால் கட்ட வேண்டும். 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பூட்டில்லாத கதவுகளை மாணவர்கள் பெல்ட்டாலும் வயராலும் கட்டி இழுத்துப் பிடித்தார்கள். நாங்களும் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரைக் கைப்பிடியில் சுற்றி, தரையோடு போல்ட் போட்ட மேசைக்காலில் கட்டினோம். கதவைத் தானாக மூட அதன் மேலே மாட்டியிருக்கும், மடங்கி விரியும் இரும்புக் கை உங்கள் பக்கம் இருந்தால், அதைப் பெல்ட்டால் இறுக்கிச் சுற்றுங்கள், விரியாது. எதைச் செய்தாலும் கதவுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் இருங்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் தெரியாத சுவரோரம்தான் உட்கார வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் குண்டைத் தடுக்காது, கான்கிரீட் தூண் தடுக்கும்.

விளக்கை அணைத்தோம். எங்கள் ஆய்வகத்தில் ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்கு! ஒரு பையன் காலை நீட்டினான், அறை முழுக்க வெளிச்சம். பாட்டில்களில் லேபிள் ஒட்டும் டேப்பைக் கிழித்து ஒரு மாணவி சென்சாரின் கண்ணை மூடிய பிறகுதான் இருட்டானது. மொபைலும் அப்படித்தான். வைப்ரேட்டில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், மர மேசையில் அது உறுமுகிறது. முழு சைலன்ட் வையுங்கள். வீட்டுக்கு ஒரே செய்தி: ‘பத்திரமாக இருக்கிறேன், கூப்பிட வேண்டாம்.’ எங்கே ஒளிந்திருக்கிறீர்கள் என்று சமூக வலைத்தளத்தில் போடவே போடாதீர்கள்.

அவசர எண்ணுக்கு அழைத்தால் முதலில் இடம்: கட்டடம், மாடி, அறை எண். அப்புறம் சுடுபவர்கள் எத்தனை பேர், என்ன உடை, என்ன ஆயுதம். பேச முடியாவிட்டால் லைனைத் துண்டிக்காமல் விடுங்கள், மறுமுனையில் கேட்பார்கள்.

இடையில் தீ அலாரம் அடித்தால், புகையோ நெருப்போ தெரியாதவரை வெளியே பாயாதீர்கள். 2018இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பார்க்லேண்ட் என்ற ஊரின் பள்ளியில் துப்பாக்கிச்சூட்டால் கிளம்பிய தூசியே அலாரத்தைக் கிளப்பியது, பிள்ளைகள் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள்.

யாருக்காவது கைகாலில் காயம்பட்டு ரத்தம் கொட்டினால், துணியை வைத்து உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

கதவு உடைந்து சுடுபவன் உள்ளே வந்தே விட்டால் ஒளிவதில் அர்த்தமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பாய வேண்டும். தீயணைப்பான், நாற்காலி, கையில் கிடைப்பது எதுவும். ஒருவர் மட்டும் துப்பாக்கி பிடித்த கையைக் குறிவைக்கட்டும். இது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

போலீஸ் வரும்போது கைகள் காலியாக, விரல் விரித்து, மேலே இருக்கட்டும். மொபைலைக்கூடப் பிடித்திருக்க வேண்டாம். முதலில் வருபவர்கள் காயப்பட்டவர்களைக் கடந்து போவார்கள், திட்டாதீர்கள், அவர்கள் வேலை முதலில் அவனை நிறுத்துவது.

‘போலீஸ்’ என்று குரல் கேட்டதற்காக உடனே திறக்கவும் வேண்டாம். அன்று எங்கள் கதவைத் தட்டியபோது, அவசர எண்ணில் கேட்டு உறுதி செய்துகொண்டோம். அப்புறம் வயரை அவிழ்க்கவே நான்கு நிமிடம் ஆனது. நடுங்கும் கையால் போட்ட முடிச்சு, கடைசியில் ஆய்வகக் கத்தரிக்கோலால் வெட்டினோம்.