புரட்டாசிக்கு முன்பே வீடு ஏறிவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொதுச் சுகாதார முதுகலை சேர்ந்து, ஆய்வேட்டுக்காக அந்நகரின் சாட்ஸ்வொர்த் பக்கம் இரத்த அழுத்தம் பார்க்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். சூத்திரங்களை வகுப்பில் சொல்லித் தருவார்கள். வாசற்படியில் கெட்ட கணக்கை ஆர், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருள் எதுவும் பிறகு மீட்டுத் தராது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. செப்டம்பர் கடைசியில் 60 படிவங்கள் நிரப்பினேன். "போன வாரம் எத்தனை நாள் கறி, மீன் சாப்பிட்டீங்க?" என்றால் வீட்டுக்கு வீடு 'இல்லை'. சாட்ஸ்வொர்த்தின் பேவியூ பகுதியில், தமிழ் இன்னும் மறக்காத ஓர் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புரட்டாசி கண்ணு, மாசம் முழுக்கக் கறிச்சட்டி அடுப்புல ஏறாது" என்றார். இங்கே நிறைய தமிழ் வீடுகளில் விரதம் சனிக்கிழமையோடு முடிவதில்லை, மாதம் முழுவதும்தான். மற்ற பதினோரு மாதச் சாப்பாடு என் படிவங்களில் இல்லவே இல்லை. நவம்பரில் அதே 60 வீடுகளுக்கும் மறுபடி போய்க் கேட்டேன்.

அப்புறம், யாரை அளப்பது? பகலில் போனால் கதவு திறப்பது பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களையே அளந்துகொண்டு வந்தால் ஊருக்கே பிரஷர் இருப்பதாகக் கணக்கு காட்டும். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரையும் எழுதிக்கொண்டு, அடுத்த பிறந்தநாள் யாருக்கு முதலில் வருகிறதோ அவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வேலைக்குப் போயிருந்தால் மாலையில் அல்லது சனிக்கிழமை திரும்பப் போகத்தான் வேண்டும். இதில் சோம்பக் கூடாது. "நீரிழிவு உண்டா?" என்று கேட்காதீர்கள், "ஷுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்றால்தான் புரியும்.

அளக்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மூன்று முறை எடுத்து, கடைசி இரண்டின் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், ஆகவே இரண்டு அளவுப் பட்டைகள் பையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு மாலையும் அன்றைய எண்களின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். தானியங்கிக் கருவியில் 0-இல் முடிவது பத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டிரண்டாகக் கோடு போட்ட கைக்கருவியில் ஐந்தில் ஒன்று. ஒருநாள் பேட்டரி தீர்ந்து கைக்கருவிக்கு மாறினோம்; அன்று பாதிக்கு மேல் 0. ஒரு 138, கண் தளர்ந்து 140 ஆனால் நலமாக இருப்பவர் நோயாளி ஆகிவிடுகிறார். மறுநாளிலிருந்து மாற்றுப் பேட்டரி இல்லாமல் நாங்கள் வெளியே போனதில்லை.

எத்தனை பேர் வேண்டும் என்பதில்தான் மாணவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 20 தெரு, தெருவுக்கு 20 பேர், மொத்தம் 400 என்று திட்டமிட்டிருந்தேன். ஒரே தெருக்காரர்கள் ஒரே கடையில் வாங்கி, ஏறக்குறைய ஒரே வருமானத்தில் வாழ்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தே 1960களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய ஊர். பக்கத்துப் பக்கத்து வீடுகள் அச்சில் வார்த்த மாதிரி. அந்த ஒற்றுமையின் அளவை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை) 0.05 என்று வைத்தால், வகுக்கும் எண் 1 + (தெருவுக்கு எத்தனை பேர் − 1) × ஒற்றுமை, அதாவது 1 + (20 − 1) × 0.05 = 1.95. 400ஐ அதனால் வகுத்தால் 205. ஊர் முழுக்கத் தனித்தனியாகப் பொறுக்கிய 205 பேர் சொல்வதைத்தான் என் 400 பேரும் சொல்வார்கள். அதையே 40 தெரு, தெருவுக்கு 10 பேர் என்று மாற்றினால் வகுக்கும் எண் 1.45, கிடைப்பது ஏறக்குறைய 276. நடை கூடியது, ஆனால் மாற்றினேன். பகுப்பாய்வின்போதும் தெரு எது என்று மென்பொருளுக்குச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பிழை எல்லை பொய்யாகக் குறுகிவிடும்.

பதில் இல்லாத இடத்தில் 999 போட்டிருந்தால், சராசரி எடுக்கும் முன்பே அதை வெற்றிடமாக்குங்கள்.

நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் திட்டத்திலேயே இன்னொன்றும் எழுதிவிடுங்கள்: 180/110க்கு மேல் காட்டினால் அன்றைக்கே கிளினிக்குக்குக் கடிதம். மற்ற எல்லோருக்கும் அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். நவம்பரில் திரும்பப் போனபோது, பேவியூ ஆயா என் சீட்டைச் சாமிபடத்துக்குக் கீழே வைத்திருந்தார். கிளினிக்கில் எழுதிய புது அளவையும் அதன் பக்கத்திலேயே செருகியிருந்தார்.