லாரி டிரைவர்கள் ஸ்டிரைக்கில் இறங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கூலியும் வேலை நிலைமையும் சரியில்லை என்றால் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் கோபத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டால், நாலாம் நாளே ஒவ்வொருவராகச் சாவியைத் தேடி வருவார்கள். கணக்கு கையில் இருக்க வேண்டும், கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், வேலையில்லாத நாட்களில் வீட்டில் அடுப்பெரிய வழி இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தேதி குறிப்பது.

முதலில் உண்மையான கூலி எவ்வளவு என்று பாருங்கள். நான்கு வாரத்துக்கு ஒவ்வொரு டிரைவரும் ஒரு நோட்டில் ஐந்து நேரங்களைக் குறிக்க வேண்டும்: கேட்டுக்கு வந்தது, உள்ளே விட்டது, லோடு ஏற்றத் தொடங்கியது, முடித்தது, பில் கையில் கிடைத்தது. இறக்கும் இடத்திலும் இதே ஐந்து. கேட்டில் தரும் சீட்டை அங்கேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தைக்கூடக் கூட்டி எழுதாதீர்கள். வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் பதிவு ஓனரிடம் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் ஒரே ஒரு பொய் நேரம் பிடிபட்டால் மற்ற எல்லா நோட்டும் செல்லாக்காசாகிவிடும்.

உதாரணத்துக்கு, ஒரு டிரிப்புக்குக் கூலி 900 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியது 8 மணி நேரம். அந்தக் கணக்கில் மணிக்கு 112.50, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏற்றக் காத்திருந்தது 5 மணி, இறக்கக் காத்திருந்தது 4 மணி, வண்டியைச் சோதித்து பேப்பர் வேலை முடிக்க 1 மணி. ஆக 18 மணி நேரம். மணிக்கு 50தான் வருகிறது. வழிச் சாப்பாட்டுக்கும் பார்க்கிங்குக்கும் கைக்காசு 180 போனால் மிஞ்சுவது மணிக்கு 40. பெரும்பாலான டிரைவர்கள் கிலோமீட்டர் ரேட்டை உயர்த்தச் சொல்லித்தான் கொடி பிடிக்கிறார்கள். நோட்டைப் பிரித்துப் பார்த்தால் பணம் ஒழுகும் இடம் கேட் வாசல் என்று தெரியும். காத்திருப்புக் கூலிதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கிலோமீட்டர் ரேட்டை மட்டும் ஏற்றினால், கேட்டில் இழந்த நேரத்தை ரோட்டில் வேகமாக ஓட்டிப் பிடிக்கத்தான் தோன்றும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிமுறை, சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்து வரும்படி தூரத்தை வைத்துக் கூலி தருவதையே தடுக்கிறது.

ஓய்வு பற்றிப் பேச ஒரு அளவுகோல் வேண்டுமானால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 153ஆம் உடன்படிக்கை (1979) இருக்கிறது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அது வரம்பு வைக்கிறது. உங்கள் நாடு அதை ஏற்காவிட்டாலும் மேசையில் எடுத்து வைக்கலாம்.

கோரிக்கைகள் மூன்று, மிஞ்சினால் நான்கு போதும். "நியாயமான காத்திருப்புக் கூலி" என்று எழுதினால் அது யார் வாயிலும் நுழையும், எந்தக் கையிலும் நிற்காது. "கேட்டில் பதிவான நேரத்திலிருந்து 2 மணி நேரம் தாண்டியதும், ஒவ்வொரு அரை மணிக்கும் இவ்வளவு, அந்த மாதச் சம்பளத்தோடு தர வேண்டும்" என்று எழுதுங்கள். வண்டியைக் காக்க வைப்பது பெரும்பாலும் ஓனர் அல்ல, சரக்குக்காரர். எனவே ஓனர் அவரோடு போடும் வாடகை ஒப்பந்தத்திலும் இந்த வரி ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஓனர் கைவிரிப்பார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

நிறுத்தம் கட்டுபடியாகுமா என்று பார்க்க எளிய வழி: இழக்கும் வேலை நாட்களை, கிடைக்கும் உயர்வின் விகிதத்தால் வகுத்துவிடுங்கள். 10 நாள் நிறுத்தி 10 சதவீதம் வாங்கினால், இழந்ததை மீட்க 100 வேலை நாள். 4 சதவீதம்தான் கிடைத்தால் 250 நாள். ஒப்பந்தம் ஒரே வருடத்துக்கு என்றால் இரண்டாவது கணக்கு கையைக் கடிக்கும். அப்போது பேச்சுவார்த்தையே மேல். ஆனால் சம்பள பாக்கி, ஓவர்லோடு, தூங்கவிடாமல் ஓட்டச் சொல்வது போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கேள்வி உயிரையும் மானத்தையும் பற்றியது.

சட்டத்தை முன்கூட்டியே வக்கீலிடம் கேளுங்கள். முன்னறிவிப்பு எத்தனை நாள், வாக்கெடுப்பு கட்டாயமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சொந்த வண்டி ஓட்டுகிறவர்களைச் சில நாடுகள் தொழிலாளியாகவே கருதுவதில்லை. அவர்கள் சேர்ந்து ரேட் பேசினால், வியாபாரிகள் கூடி விலை வைப்பதைத் தடுக்கும் வணிகப் போட்டிச் சட்டம் குறுக்கே வரலாம். சட்டம் கேட்காவிட்டாலும் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். கை தூக்கச் சொன்னால் எல்லோரும் தூக்குவார்கள். நூற்றுக்கு எண்பது பேராவது சீட்டில் எழுதித் தராவிட்டால் தள்ளிப்போடுங்கள்.

லோடோடு வண்டியை விட்டு இறங்குவதுதான் அடிக்கடி வினையாவது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017இல் கலந்த கான்கிரீட் டிரம்மில் இருக்கும்போதே டிரைவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சேதத்தைத் தவிர்க்கப் போதிய முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் 8-1 எனத் தீர்ப்பளித்து, நிறுவனம் தொழிற்சங்கத்தின் மீது போட்ட நஷ்டஈட்டு வழக்குக்கு வழிவிட்டது. ஆகவே ஏற்றிய லோடை இறக்கிவிடுங்கள், புது லோடு எடுக்காதீர்கள். காலி வண்டியை டெப்போவில் நிறுத்தி, ஓடோமீட்டர், டீசல் அளவு, டயர், பேட்டரி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து, சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு "டீசல் குறைந்தது, பேட்டரி காணோம்" என்று சம்பளத்தில் பிடிக்க முடியாது. மருந்து, ஆக்சிஜன், உயிருள்ள கால்நடை ஏற்றிய வண்டிகளுக்கு விலக்கு உண்டு என்று முதல் நாளே அறிவியுங்கள். வேலைக்குப் போகிற வண்டி மீது ஒரு கல் விழுந்தாலும் பேச்சு கூலியை விட்டுக் கல்லுக்குப் போய்விடும்.

முடிக்கும்போதுதான் அதிகக் கவனம் தேவை. தென் கொரியாவில் கண்டெய்னர், சிமெண்ட் லாரிகளுக்கு 2020இல் வந்த குறைந்தபட்ச வாடகைத் திட்டம் 2022 இறுதியோடு முடிய இருந்தது. அதை நீட்டிக்கக் கோரி 2022 ஜூனில் 8 நாள் நிறுத்தம் நடந்தது. திட்டத்தைத் தொடர முயல்வதாக அரசு ஒப்புக்கொண்டதும் வண்டிகள் கிளம்பின. சட்டம் நிறைவேறவில்லை. நவம்பரில் மறுபடியும் இறங்கினார்கள். அரசு வேலைக்குத் திரும்பும்படி ஆணை பிறப்பித்தது, 16 நாளில் நிறுத்தம் முடிந்தது, ஆண்டு இறுதியில் திட்டமும் போனது. "முயல்வோம்", "பரிசீலிப்போம்" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து, யார் தர வேண்டும், தராவிட்டால் என்ன என்று மூன்றும் இருக்க வேண்டும். நிறுத்தத்தில் கலந்துகொண்ட யாரையும் வேலையைவிட்டு நீக்கவோ மோசமான ரூட்டுக்கு மாற்றவோ கூடாது என்ற ஷரத்து தனியாக வேண்டும். ஒப்பந்த நகல் ஒவ்வொரு டிரைவரின் போனிலும் வந்து சேர்ந்த பிறகே சாவியை வாங்குங்கள். ஐந்து நேரம் எழுதும் நோட்டை நிறுத்தாமல் தொடருங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டில் காத்திருப்புக் கூலி சரியாக ஏறியதா என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.