பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பெட்ரோலை முகர்ந்து பாருங்கள்

பங்குனியில் மூலையில் சாத்திய பிரஷ் கட்டரை, அதாவது களை வெட்டும் மிஷினை, ஐப்பசி மழையில் களை மண்டியதும் எடுப்போம். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை நோகும், மிஷின் மட்டும் அசையாது. பட்டறைக்குப் போனால் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவித் தருவார்கள். அடுத்த வருடமும் அதே கதைதான். பழுது மிஷினில் இல்லை, ஏழு மாதமாக டேங்கில் கிடந்த பெட்ரோலில் இருக்கிறது.

இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாத கேனில் மழைத்தண்ணீரும் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் மிஷின் உறிஞ்சுகிறது. டூ ஸ்ட்ரோக் மிஷினில் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயிலோ மேலே பெட்ரோலோடு நிற்கிறது. அப்படியே ஓடினால் பிஸ்டன் ஆயில் இல்லாமல் உரசும். பழைய மிஷின்களின் ரப்பர் குழாயையும் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வையும்கூட எத்தனால் கெடுத்துவிடும். தண்ணீர் சேராவிட்டாலும், நாள்பட்ட பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி கார்ப்பரேட்டரின் ஊசித்துளையை அடைத்துவிடும். வார்னிஷ் போல வாடை அடித்தால் அதைத் தொடவே வேண்டாம். விலை கூடிய பிரீமியம் பெட்ரோலை மேலே ஊற்றிச் சரிக்கட்டப் பார்ப்பதும் வீண்.

ஆயில் கலப்பதில் கண்ணளவு உதவாது. டூ ஸ்ட்ரோக் மிஷினுக்கு 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எந்தக் கணக்கு என்பதை மிஷினோடு வந்த கையேட்டில் பாருங்கள். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகை வரும், பிளக்கில் கரி படியும். பைக் என்ஜின் ஆயில் இதற்கு ஆகாது, டூ ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கும் 2டி (2T) ஆயில்தான் வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது, ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அப்புறம் பெட்ரோல் ஊற்றி வைக்கும் அந்தத் தண்ணீர் பாட்டில். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! வெயிலில் உப்பி நிற்கும், குழந்தை ஜூஸ் என்று எடுத்துவிடும். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்க விடுகிறது. ஆனால் இறுக மூடிய பாத்திரத்தில்தான்: உலோகம் என்றால் 25 லிட்டர் வரை, கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர் வரை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சிறிய தகர கேன் ஒன்று வாங்கி, கலந்த தேதியை எழுதி ஒட்டி, அடுப்பும் இன்வெர்ட்டரும் இல்லாத நிழலில் வையுங்கள்.

சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, வெளியில் வைத்து ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்ப்பரேட்டரில் மிச்சமிருப்பதும் அதில் எரிந்துவிடும். வடித்ததைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள்.