'ஃப்ளேக்கி' என்ற சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

நம்ப முடியாத ஆளை ஆங்கிலத்தில் 'அன்ரிலையபிள்' என்பார்கள், இது பலருக்கும் தெரியும். அமெரிக்கர்களோடு வேலை பார்க்கிறவர்கள் காதில் அதற்குப் பதிலாக 'ஃப்ளேக்கி' விழும். அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் இது தப்பான இடத்தில் வந்துவிடும்.

படி 1: முதலில் கண்ணால் பாருங்கள்

பெசன்ட் நகரில் கடலை ஒட்டிய ஒரு பழைய வீட்டுச் சுவர். உப்புக்காற்றில் பெயிண்ட் உப்பி, விரல் பட்டதும் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தப் பொருக்குதான் 'ஃப்ளேக்'. பேக்கரி முட்டை பப்ஸைக் கடித்தால் சட்டையெல்லாம் உதிர்கிறதே, அதுவும் ஃப்ளேக்கிதான். ஆனால் பப்ஸுக்கு அது பாராட்டு.

படி 2: ஆளுக்குப் பொருத்துங்கள்

எலியட்ஸ் பீச்சில் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஆறு மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு. ஆறேகாலுக்கு மெசேஜ் வருகிறது: "இன்னைக்கு வேண்டாம்டா, அடுத்த வாரம் பாக்கலாம்." போன வாரமும் இதே கதை. இந்த நண்பர்தான் ஃப்ளேக்கி. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்று நம் ஊரில் கேட்பது இப்படிப்பட்டவரைப் பற்றித்தான். ஒரே ஒரு நாள் வராதவரை அப்படிச் சொல்லாதீர்கள், அவர் வீட்டில் என்ன நடந்ததோ. அது பழக்கமாக இருக்க வேண்டும். ஏமாற்றுக்காரருக்கும் இந்தச் சொல் பொருந்தாது. ஃப்ளேக்கி ஆளிடம் கெட்ட எண்ணம் இருக்காது, சொன்ன சொல்தான் நிற்காது.

படி 3: வினைச்சொல்

'ஹி ஃப்ளேக்ட் ஆன் மீ' என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைவிட்டுவிட்டான் என்று பொருள். யாரைக் கைவிட்டான் என்று சொல்லும்போது 'ஆன்' அவசியம்.

படி 4: பொருள்களுக்கு

விட்டு விட்டு வரும் வைஃபை ஃப்ளேக்கி. ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு 'ஃப்ளேக்கி டெஸ்ட்' தினசரித் தலைவலி. புரோகிராம் கோடில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது, அதே டெஸ்ட் காலையில் பாஸ், மதியம் ஃபெயில். தங்கள் டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி இருப்பதாக 2016-ல் கூகுளே எழுதியது.

படி 5: எங்கே வேண்டாம்

இது பேச்சு வழக்குச் சொல். மேலதிகாரிக்கு எழுதும் மெயிலில் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது 'அன்ரிலையபிள்' போதும்.

சரி, ஒரு பயிற்சி. ஆறு மாதமாக ஓடாத லிஃப்ட் ஃப்ளேக்கியா? இல்லை, அது வெறும் பழுது. காலையில் ஓடி, மதியம் மூன்றாம் மாடியில் நின்று, சாயங்காலம் யாரும் தொடாமலே மறுபடி கிளம்புகிறதே, அந்த லிஃப்ட்தான் ஃப்ளேக்கி.