‘டிரான்ஸ் கொழுப்பு 0’ என்று போட்டிருந்தாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பிஸ்கட், கேக், நொறுக்குத்தீனி எது வாங்கினாலும், பின்னால் உள்ள சேர்மானப் பட்டியலில் ‘பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட்’ எண்ணெய், அதாவது ஹைட்ரஜன் சேர்த்து ஓரளவு கெட்டியாக்கிய எண்ணெய், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு உண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பத்து விநாடி வேலைதான்.

ஒரு பரிமாறலில் (ஒரு வேளைக்கு என லேபிளில் குறித்த அளவில்) டிரான்ஸ் கொழுப்பு அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்றே அச்சிட சில நாடுகளின் விதி இடம் தருகிறது. நாம் ஒரு பரிமாறலோடு நிறுத்துவதில்லையே! உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.2 கிராம்தான். இந்தக் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கிறது. அதோடு நிற்காமல் ரத்தக்குழாயின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. அதிகம் சாப்பிடுபவர்களின் ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் போன்ற, அழற்சியை (உள்ளே ஏற்படும் வீக்க எதிர்வினையை) காட்டும் குறியீடுகள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழற்சி நீடித்தால் குழாய் சரியாக விரியாது, கொழுப்புப் படிவதும் எளிதாகிவிடும். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான், ஏனென்றால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

லேபிள் இல்லாமல் விற்கும் பண்டங்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே என்ன எண்ணெயில் செய்தார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பால், இறைச்சியில் இயற்கையாகவே கொஞ்சம் டிரான்ஸ் கொழுப்பு இருக்கும், அது பட்டியலில் வராது. அப்புறம், ‘ஃபுல்லி ஹைட்ரஜனேட்டட்’ (ஹைட்ரஜன் முழுமையாகச் சேர்த்தது) என்பது வேறு. அதில் டிரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதிகம்.